மணல் கும்பியும் "ஊசி போட்டாச்சு"வும்: வலிகாமத்து வீடொன்றில் நாய்ப்பூச்சி

தைப்பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். பின்னேரம் கிளினிக் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முன்னால் தகப்பன், நடுவில் ஆறு வயதுப் பெண்பிள்ளை, பின்னால் அம்மம்மா, அம்மம்மாவின் மடியில் ஒரு பிஸ்கட் மட்டைப்பெட்டி. பெட்டிக்குள் மூன்று நாய்க்குட்டிகள். மொத்தம் நாலாம், ஒன்று முதல்நாள் இரவே செத்துவிட்டதாம்.

"பனிக்குச் சளி பிடிச்சிட்டுது போல டொக்டர். தாய்க்கு ஊசி எல்லாம் போட்டாச்சு" என்றார் தகப்பன்.

நான் மிருக வைத்தியர். யாழ்ப்பாணத்தில் இந்த "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்ற பேச்சை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறேன் என்று எண்ணியதில்லை. அன்றைக்கும் காதில் விழுந்து அப்படியே போய்விட்டது. பிறகுதான் அது உறுத்தியது, அதனால்தான் இதை எழுதுகிறேன். குடும்பத்திடம் கேட்டுச் சம்மதம் வாங்கியாயிற்று. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இல்லை, நாய்களின் பெயர் மட்டும் இருக்கிறது, அவை கோபிக்க மாட்டா.

குட்டிகளுக்கு ஐந்து கிழமை வயது. வயிறு ஊதி, விலா எலும்பு தெரிந்தது. வாயைத் திறந்து பார்த்தால் முரசு கடதாசி மாதிரி வெள்ளை. பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய துணியில் தார் போலக் கறுப்பாக மலம். சளி ஒன்றும் இல்லை. கொஞ்சம் மலத்தை எடுத்து உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மிதந்து வந்ததை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கொழுக்கிப்புழு முட்டை, கண்ணாடித்துண்டு நிறைய. இடைக்கிடை தடித்த ஓடு போட்ட உருண்டை முட்டைகளும் இருந்தன, அது வட்டப்புழு.

கொழுக்கிப்புழு குடல் சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் குடிக்கும். ஐந்து கிழமைக் குட்டியின் உடம்பில் இருக்கிற இரத்தமே கொஞ்சம், அதில் நூறு புழு குடித்தால் மிச்சம் என்ன இருக்கும்? எப்படி இத்தனை சின்ன வயதில் வந்தது என்று கேட்பார்கள். தாய்ப்பாலில்தான். தாய் நாயின் தசைக்குள் குடம்பியாக, அதாவது புழுவின் குஞ்சுப் பருவமாகத் தூங்கிக் கிடப்பவை, குட்டி போடும் காலத்தில் எழும்பிப் பாலோடு இறங்கும். வட்டப்புழு இன்னும் முந்தியே, வயிற்றுக்குள் இருக்கும்போதே குட்டிக்குப் போய்விடும். அதாவது அந்தக் குட்டிகள் கண் திறக்கும் முன்பே பூச்சி வாங்கியாயிற்று.

குட்டிகளுக்கு நிறை பார்த்து மருந்து அளந்துகொண்டிருந்தபோது, கதிரையில் இருந்த பிள்ளை ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். செருப்பு இல்லை. இடது பாதத்தின் உள்விளிம்பில், சிவப்பு நூலை நனைத்து ஒட்டியது மாதிரி, வளைந்து வளைந்து போகும் ஒரு தடிப்பு. ஒரு விரல் நீளம் இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அது சின்னன்.

"இதென்ன பிள்ளை?"

"கடிக்குது."

அம்மம்மா கதையை எடுத்தா. மூன்று கிழமையாக இருக்குதாம். முதலில் நுளம்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி, பிறகு கோடு. நேற்று இருந்த இடத்தில் இன்றைக்கு இல்லை, ஒரு பக்கத்தால் வளர்ந்துகொண்டு போகும். இரவில் பிள்ளை நித்திரை கொள்வதில்லை. பாமசியில் படைக்குப் பூசுகிற கிறீம் ஒன்று வாங்கிப் பூசினார்கள், கேட்கவில்லை. அம்மம்மா அக்கி என்று முடிவெடுத்துக் காவி பூசினா, அதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் தாய்க்கு மட்டும் பூச்சி என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அவ நினைத்த காரணம் இனிப்பு. ரொபி, சொக்லேட் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டா. பாவம் பிள்ளை, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கிடைக்கவில்லையாம். இதைவிட, காற்சட்டைக்குள் பின்பக்கத்திலும் ஒரு கோடு இருப்பதாக அம்மம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னா.

நான் ஆட்களுக்கு மருந்து எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. ஒரு துண்டில் "வீட்டு நாய்களுக்குக் கொழுக்கிப்புழு உறுதி, பிள்ளையின் தோலில் அதன் குடம்பி ஊர்வதாகச் சந்தேகம்" என்று எழுதிக் கொடுத்து, விடிய முதல் வேலையாக ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். வட்டப்புழு முட்டையும் கண்டதையும் சேர்த்து எழுதினேன், ஏனென்றால் அந்தப் புழுவின் குடம்பி பிள்ளைகளின் கண் வரைக்கும் போகக் கூடியது. அங்கே வைத்தியர் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதுதான் என்று சொல்லியிருக்கிறார். மூன்று நாளுக்கு அல்பெண்டசோல். கண்ணையும் பார்த்தார்கள், பிரச்சினை இல்லை. நாலாம் நாள் பிள்ளை இரவு முழுக்க நித்திரை கொண்டாள், இரண்டு கிழமையில் கோடும் மங்கிவிட்டது.

தாய் தொலைபேசியில் கேட்டது நல்ல கேள்வி: "பள்ளிக்கூடத்தில பூச்சிக் குளிசை குடுத்தவை தானே, பிறகேன் வந்தது?" அந்தக் குளிசை பிள்ளையின் குடலில் இருக்கிற புழுவுக்கு. குடித்த அன்றைக்கு உள்ளே இருப்பதை வெளியே தள்ளும், அவ்வளவுதான். அடுத்த மாதம் காலால் ஏறுகிற புழுவுக்கு அது காவல் நிற்காது.

சனிக்கிழமை அவர்களின் வீட்டுக்குப் போனேன். குட்டிகளைப் பார்க்கப் போனது ஒரு சாட்டு, உண்மையில் எங்கே பிடித்தது என்று பார்க்கத்தான் போனேன். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டிருந்தது. ரைகர் என்று ஒரு கடுவன், நாலு வயது. பிரவுணி என்று தாய், இரண்டு வயது. இரண்டும் வீட்டுக்குள் வராது, வளவு நாய்கள். இவ்வளவு துப்புரவான முற்றத்தில் எங்கே பிடித்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு பின்பக்கம் போனால், அரைவாசியில் நிற்கிற ஒரு புது அறை, அதற்குப் பக்கத்தில் ஒரு மணல் கும்பி. தீபாவளிக்கு முன் பறித்த மணல். மழை தொடங்கியதும் மேசன் வேலையை நிற்பாட்டிவிட்டார், மணல் அப்படியே கிடந்தது. மேலே ஒரு கிழிந்த தறப்பாள், ஒரு மூலை மட்டும் மூடியிருந்தது.

நாயின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். எங்கும் சீமெந்து, மதிலுக்கு வெளியே தார் வீதி. குந்துவதற்கு மெத்தென்று இருக்கிற ஒரே இடம் அந்தக் கும்பிதான். அயல் பூனைகளும் அங்கேதான் வந்து தோண்டி மூடிவிட்டுப் போகும். பிள்ளைக்கும் அதே நியாயம்தான்: கும்பியின் அடியில் நாலு சிரட்டை, ஒரு உடைந்த கரண்டி, பூவரசம் இலைகள். சோறு கறி ஆக்கி விளையாடுகிற இடம். குந்தியிருந்து விளையாடுவாள். பாதத்திலும் பின்பக்கத்திலும் கோடு வந்த கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது.

மாரி மழையில் நனைந்த மணலும், நிழலும், எங்கள் ஊர்ச் சூடும் கொழுக்கிப்புழுவுக்கு வேண்டிய எல்லாம். மலத்தோடு விழுந்த முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும், ஒரு கிழமை கழிய அந்தக் குடம்பி தோலைத் துளைக்கத் தயார். மணலுக்குள் இருந்து ஏதாவது சூடான உடம்பு வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாயின் தோல் என்றால் உள்ளே போய், இரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகக் குடலுக்கு வந்து சேரும். மனிதத் தோல் என்றால் அதற்கு வழி தெரியாது. மேற்தோலுக்குக் கீழே இருக்கிற படலத்தைக் கரைத்துப் போகும் வல்லமை பெரும்பாலும் அதற்கு இல்லாததால், இடையில் மாட்டுப்பட்டு, ஒரு நாளைக்குச் சில மில்லிமீற்றரில் இருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வரை அலைந்து திரியும். பிள்ளையின் காலில் நான் பார்த்த கோடு, வழி தவறிய அந்தக் குடம்பி போட்ட தடம். மருந்து எடுக்காவிட்டாலும் கிழமைக்கணக்கில் அலைந்து செத்துவிடும். அதுவரைக்கும் பிள்ளை சொறிந்து புண்ணாக்குவாள் என்பதுதான் பிரச்சினை.

புழு தோலால் ஏறும் என்ற விஷயமே தற்செயலாகத்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் கொழுக்கிப்புழுக் குடம்பி கலந்த நீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திவிட்டார். அந்த இடம் சிவந்து கடித்தது. பிறகு தன் மலத்தைப் பரிசோதித்து முட்டைகளைக் கண்டார். அதே லூஸ்தான் 1911இல், இலங்கையில் ஒரு மரநாயில் இருந்து எடுத்த இன்னொரு கொழுக்கிப்புழுவுக்கு எங்கள் நாட்டின் பேரையே வைத்தார்: அன்சைலோஸ்டோமா சிலானிக்கம். மற்ற நாய்க் கொழுக்கிப்புழுக்கள் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும், இது மட்டும் மனிதக் குடலுக்கும் போய் வளர்ந்து முட்டையிடும். தேயிலைக்கும் கறுவாவுக்கும் பிறகு இலங்கையின் பேரைச் சுமந்து திரிகிற சாமான் இது ஒன்று! அந்த வீட்டில் இருந்தது எந்த இனம் என்று முட்டையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லா முட்டையும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இது வீட்டு மணலோடு மட்டும் நிற்கிற விஷயம் இல்லை. நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை அடிக்கிற ஆண்களின் உடம்பில் இதே கோடுகள் கண்டறியப்பட்டு, அது ஒரு மருத்துவ ஆய்வாகவே வெளிவந்திருக்கிறது. மேலாடை இல்லாத ஈர உடம்போடு விடியப்புறம் மணலில் உருளும்போது நெஞ்சு, முதுகு, வயிறு எல்லாம் மணலில் படும் அல்லவா? கோயிலில் பிழையில்லை, மணலிலும் பிழையில்லை. இரவில் அந்த வீதிகளில் படுக்கிற நாய்கள் எங்கே இருந்து வந்தன என்று கேட்டால் பதில் எங்கள் வீடுகளுக்குத்தான் திரும்பி வரும். கடுவன் குட்டியை ஆட்கள் கேட்டு வாங்குவார்கள். பெட்டைக் குட்டியை உரப்பையில் போட்டு, இருட்டின பிறகு சந்தையடியிலோ கோயிலடியிலோ விட்டுவிட்டு வருவோம். பூச்சி மருந்து ஒரு சொட்டும் கண்டிராத குட்டிகள் அவை.

சரி, "ஊசி"க்கு வருவோம்.

வீட்டில் ரைகரின் அட்டையைக் கேட்டேன். கடவுச்சீட்டு மாதிரிப் பொலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருந்தார் தகப்பன். நான்கு வருடமும் விசர் (ரேபிஸ்) ஊசி, ஒரு தடவையும் தப்பவில்லை. பெருமையாகக் காட்டினார். பெருமைப்படத்தான் வேண்டும், விசர் வந்தால் ஆளோ நாயோ மிஞ்சாது, அந்தப் பயத்தை எங்கள் சனத்தின் மனதில் பதிய வைத்தது பெரிய காரியம். அட்டையின் அடுத்த பக்கம் பூச்சி மருந்துக்கானது. ஒரு திகதி இல்லை, வெறுமை. முதல் பக்கத்தில் நாலு கையெழுத்து, அதில் இரண்டு என்னுடையது.

அதுதான் எனக்குச் சுட்டது. இரண்டு தடவை இந்த நாயை என் மேசையில் வைத்து ஊசி போட்டிருக்கிறேன், பக்கத்தைப் புரட்டவில்லை. அன்றைக்குக் கூட்டம் கூடவாக இருந்திருக்கலாம், அது ஒரு சாட்டு. நான் கேட்டது "ஊசி போட்டாச்சா?" என்று மட்டும்தான். சனம் பதிலும் அதற்கு மட்டும்தான் சொல்லும். வருடம் வருடமாக நாங்கள் ஒரே கேள்வியைக் கேட்டு, நாயால் வருகிற எல்லா நோய்க்கும் ஒரே பதில் ஊசி என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டோம். விசர் ஒரு வைரஸ், அதற்கு ஊசி இருக்கிறது. நாயின் குடற்பூச்சிக்குத் தடுப்பூசி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மருந்து கொடுப்பதும், மலத்தை அள்ளுவதும்தான் வழி. இரண்டும் வேறு வேறு என்று யாராவது சொன்னால்தானே தெரியும்.

அந்த மாதம் முழுக்க, நாயோடு வந்தவர்களிடம் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தேன்: "உங்கட நாயிட்ட இருந்து உங்களுக்கு என்ன வருத்தம் தொத்தும்?" விசர் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு மௌனம். சிலர் உண்ணி என்றார்கள், சிலர் மயிர் உள்ளே போனால் இழுப்பு வரும் என்றார்கள். பூச்சி என்று நான் எடுத்துக் கொடுத்தால், "அது நாய்க்கு வாற பூச்சி, ஆக்களுக்குத் தொத்தாது" என்றார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். "பூச்சி எண்டா அது தானே புல்லுத் திண்டு சத்தியெடுத்திடும்" என்றார் இன்னொருவர். குட்டிக்கு மட்டும்தான் பூச்சி மருந்து என்பது பரவலான நம்பிக்கை. வளர்ந்த நாய் கொழுகொழுவென்று இருந்தால் பூச்சி இல்லை என்பது இன்னொன்று. பிரவுணியும் கொழுகொழுவென்றுதான் இருந்தது, அதன் மலத்தில்தான் முட்டை குவிந்திருந்தது. எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது, "எங்கட நாய் வீட்டுக்குள்ள வராது" என்பது. வராது, சரி. பிள்ளை வளவுக்குப் போவாள் அல்லவா?

தகப்பன் நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. முட்டையை நுணுக்குக்காட்டியில் காட்டியும் பெரிதாக அசையவில்லை, அது என்னவோ சவ்வரிசி மாதிரிக் கிடந்தது. திருப்பம் வேறு பக்கத்தால் வந்தது. ரைகருக்கு உடம்பில் ஒரு சொறி இருந்ததால் காதில் இருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித்துண்டில் வைத்தேன். சிவப்பணுக்களைத் தள்ளிக்கொண்டு மெல்லிய பாம்புக் குட்டிகள் மாதிரிப் பத்துப் பன்னிரண்டு நெளிந்தன. கூப்பிட்டுக் காட்டினேன். மனுசன் கண்ணை எடுக்கவில்லை. "இது... என்ர நாயின்ர இரத்தமோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

சாயம் போட்டுப் பார்த்தபோது அவற்றுக்கு உறை இல்லை, இங்கே நாய்களில் அடிக்கடி காணும் டைரோபிலேரியா ரெபென்ஸ் என்ற புழுவின் குஞ்சுகளாகத்தான் இருக்க வேண்டும். தாய்ப்புழு நாயின் தோலுக்குக் கீழே இருக்கும். அவருக்கு உடனே வந்த பயம் யானைக்கால். அது இது இல்லை. யானைக்கால் மனிதரில் இருந்து மனிதருக்கு நுளம்பு கொண்டு போவது, இலங்கை அதை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்தது. ரைகரிடம் இருந்தது நாயின் புழு. நுளம்பு கடித்து மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு புழு, தோலுக்குக் கீழே ஒரு கட்டியாக, சிலருக்குக் கண் மடலில் அல்லது கண்ணின் வெள்ளைக்குள். வைத்தியர் வெட்டி எடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. இலங்கையில் சின்னப்பிள்ளைகளிடமும் இது காணப்பட்டிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: மனுசன் பயந்தது செருப்புப் போட்டாலும் நிற்காத, நுளம்பால் பரவுகிற இந்தப் புழுவுக்கு. ஆனால் அந்தப் பயத்தில்தான் மற்றப் புழுவுக்கு மருந்து கொடுக்கச் சம்மதித்தார். எனக்கு எதனால் வந்தாலும் சரி.

செய்த வேலைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். குட்டிகளுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மருந்து, எட்டுக் கிழமை வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. பிரவுணிக்கும் அதே நாட்களில், ஏனென்றால் குட்டிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தாய் பூச்சியைத் திரும்பவும் கொடுக்கும். குட்டிகளுக்கு இரும்புச் சத்தும் சேலைனும். மூன்றில் ஒன்று இரண்டு நாள் ஊசலாடியது, பிழைத்துவிட்டது. ரைகருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்பூச்சி மருந்து, இரத்தப் புழுவுக்குத் தனியாக மாதாந்த மருந்து. மலத்தை ஒவ்வொரு நாளும் சவளால் அள்ளி மலசலகூடக் குழிக்குள் போட வேண்டும், பக்கத்து வீட்டார் வெளிநாட்டில் என்பதற்காக அவர்களின் பாழ் வளவுக்குள் எறிவது தீர்வு இல்லை. ஒவ்வொரு நாளும் அள்ளினால் முட்டை குடம்பியாக வளர நேரமே கிடைக்காது, இந்தப் புழுவை மடக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மணல்தான் கரைச்சல். இன்றைய விலைக்கு அதைக் கொட்டச் சொன்னால் என்னைத்தான் கொட்டுவார்கள். மாசி வெயிலில் சீமெந்து முற்றத்தில் மெல்லிசாகப் பரவிக் காயவிட்டு, பிறகு பூச்சு வேலைக்கு எடுக்கச் சொன்னேன். வெயிலும் வரட்சியும் கொழுக்கிப்புழுக் குடம்பியைக் கொன்றுவிடும். வட்டப்புழு முட்டை அதற்கு மசியாது, மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் சீமெந்தோடு குழைத்துச் சுவரில் பூசினால் பிள்ளையின் வாய்க்கு எப்படி வரும்? மேசன் திரும்பி வந்தபோது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, தனக்கும் கை விரலிடுக்கில் இப்படி ஒரு கடி மாரிக்கு மாரி வருகிறது, சீமெந்துதான் ஒத்துவரவில்லை என்று நினைத்திருந்தேன் என்றாராம். அவரையும் ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், போனாரா தெரியாது.

பங்குனிக் கடைசியில் மீண்டும் மல மாதிரி பார்த்தேன். பிரவுணியும் இரண்டு குட்டிகளும் துப்புரவு. மூன்றாவது குட்டியை வடமராட்சியில் ஒரு சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள், அட்டையின் பூச்சி மருந்துப் பக்கத்தை நிரப்பித்தான் கொடுத்தேன். ரைகரில் மட்டும் ஓரிரு முட்டை இருந்தது. விசாரித்தால், குட்டிகளுக்கு நாள் தவறாமல் மருந்து கொடுத்த வீட்டில், ரைகருக்குக் குளிசை கொடுக்கவேயில்லை. "அது வயசான நாய் தானே டொக்டர், நல்லாத் தானே நிக்குது" என்றார் தகப்பன், நுணுக்குக்காட்டியில் கண்ணை எடுக்காமல் பார்த்த அதே மனுசன். நான்கு வயது எப்போது வயசாளியாகியது என்று கேட்கவில்லை. குளிசையை என் கையாலேயே பாணுக்குள் வைத்துக் கொடுத்தேன், திகதியை எழுதினேன்.

பிள்ளைக்குப் புதிதாக ஒரு கோடும் இல்லை. இப்போது சிரட்டைகள் சீமெந்து முற்றத்துக்கு இடம் மாறிவிட்டன, கறிக்கு மணல் இல்லாமல் சுவையே இல்லை என்பது அவளின் முறைப்பாடு. அடுத்த மாதிரி ஆனியில் வர வேண்டும். போன தடவை அம்மம்மா அதை மார்ஜரின் டப்பாவில் போட்டு, மூடிக்கு மேலே "ரைகர்" என்று எழுதி, கோயிலுக்குப் போகிற பையிலேயே வைத்துக்கொண்டு வந்தா. இந்தத் தடவையும் தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறா.